புற்றுநோயில் உடம்பு கரைவதும் எதிர்ப்புச் சக்தி குறைவதும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர் இருக்கும் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி, "எதிர்ப்புச் சக்தி கூட என்ன கொடுக்கலாம்?" என்பது. பதில் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. நெல்லிச்சாறு, கருஞ்சீரகம், கோதுமைப்புல், டப்பாவில் வரும் பவுடர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதே வீட்டில் அதே நோயாளி மூன்று மாதத்தில் ஐந்தாறு கிலோ இறங்கியிருப்பார். "நோய் அப்படித்தான், கீமோ முடிந்ததும் உடம்பு தேறிவிடும்" என்று அதை விட்டுவிடுவார்கள். இரண்டும் வெவ்வேறு சங்கதி என்று நினைப்பதுதான் தவறு. இறங்கிய எடையில் கணிசமான பங்கு தசை. தசை கரையும்போது, எதிர்ப்பு அணுக்கள் கஷ்ட காலத்தில் எடுத்துச் செலவழிக்கும் கையிருப்பும் கரைகிறது. எதிர்ப்புச் சக்தியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எடை பார்க்கும் இயந்திரத்தைத்தான்.

இந்த உடல் தேய்வுக்கு மருத்துவத்தில் கேக்கெக்சியா என்று பெயர். எடின்பரோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னத் ஃபியரன் தலைமையில் பன்னாட்டு நிபுணர்கள் கூடி 2011இல் இதற்கு ஒரு வரையறை வகுத்தார்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது கேக்கெக்சியா. ஏற்கெனவே ஒல்லியானவர் என்றால், அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 20க்கும் கீழே என்றால், 2 சதவீதம் குறைந்தாலே போதும். 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே போனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். மூன்று கிலோதானே என்று தோன்றும். ஆனால் 1980இல் அமெரிக்காவில் 3,047 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்விலேயே, கீமோ தொடங்கும் முன்பே எடை குறைந்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்பது தெரிந்துவிட்டது. கணையம், இரைப்பை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் இந்தத் தேய்வு அதிகம். சென்னைப் பகுதியில் இரைப்பைப் புற்றுநோய் இந்தியாவின் பல நகரங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால் இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

2011 வரையறையில் முக்கியமான வாசகம் ஒன்று உண்டு. வழக்கமான உணவு உதவியால் மட்டும் இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது என்பதே அது. "நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வதற்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ள, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒருவர் வெறுமனே பட்டினி கிடந்தால் உடம்பு சிக்கனத்துக்கு மாறிவிடும். முதலில் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும், தசையை முடிந்தவரை காப்பாற்றும், ஒட்டுமொத்தச் செலவையும் குறைத்துக்கொள்ளும். சோறு கிடைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். புற்றுநோய்த் தேய்வில் இந்தச் சிக்கனம் வேலை செய்வதில்லை. கட்டியும், அதை எதிர்க்கப் போன எதிர்ப்பு அணுக்களும் சேர்ந்து அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் ஆண்டனி செராமியும் 1980களில், விலங்குகளை மெலியவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்கு 'கேக்கெக்டின்' என்று பெயர் வைத்தார்கள். கட்டியை அழிக்கும் காரணி என்று வேறு சிலர் ஆராய்ந்துகொண்டிருந்த டிஎன்எஃபும் இதுவும் ஒன்றுதான் என்று 1985இல் தெரியவந்தது. நோயை எதிர்க்கும் அதே பொருள், அளவும் காலமும் மீறும்போது உடம்பைக் கரைக்கிறது.

இந்த அழற்சிச் செய்தி கல்லீரலுக்குப் போனதும், அது அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி என்று வருவது அவற்றில் ஒன்று. இவற்றைக் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள் தசையிலிருந்து வருகின்றன. தசை உடைவதும் வேகமெடுக்கிறது. இன்னொரு பக்கம், கட்டி குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டேட்டாக வெளியே தள்ளுகிறது. கல்லீரல் அதை வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. இந்தச் சுற்றில் கட்டிக்குக் கிடைப்பது 2 பங்கு ஆற்றல் என்றால், கல்லீரல் செலவழிப்பது 6 பங்கு. படுத்தே இருக்கும் நோயாளிக்கும் எரிபொருள் தீர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இதில் எதிர்ப்புச் சக்தி எங்கே வருகிறது?

லிம்போசைட் எனப்படும் எதிர்ப்பு அணுக்களுக்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் முக்கிய எரிபொருள். எதிரியைக் கண்டதும் அவை வேகமாகப் பெருக வேண்டும். அப்போது இதன் தேவை இன்னும் ஏறும். உடம்பில் குளுட்டமினைத் தயாரித்துச் சேமித்து வைக்கும் பெரிய இடம் தசைதான். வீட்டில் நெல் குதிர் போல என்று வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு இழப்பும் தனியாகப் பாதிக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் பட்டினியில் குறைந்துவிடும், அது குறைந்தால் லிம்போசைட்டில் ஒரு வகையான டி அணுக்களின் வேகமும் குறையும் என்று லண்டன் ஆய்வாளர்கள் 1998இல் எலிகளில் காட்டினார்கள்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2016இல் கேம்பிரிட்ஜில் டக்ளஸ் ஃபியரன் குழு செய்த எலி ஆய்வு. பட்டினி நேரத்தில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்க வேண்டும். கட்டி தூண்டிய இன்டர்லூகின்-6 இந்தத் தயாரிப்பை முடக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் எலி சாப்பிடுவதும் குறைந்தால், உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டு ஹார்மோனைக் கொட்டுகிறது. அந்த ஹார்மோன் கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவிடுகிறது; எதிர்ப்பு அணுக்களைக் கட்டிக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்தும் பலிக்காமல் போகிறது. எலிகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் பெம்பரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து எடுத்த நோயாளிகளின் ரத்த அளவுகளைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்விலும் இதே திசையில் ஒரு குறிப்பு கிடைத்தது. மருந்தை உடம்பு வேகமாக வெளியேற்றிய நோயாளிகள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள், அந்த வேகத்துக்கும் தேய்வின் அடையாளங்களுக்கும் தொடர்பு இருந்தது. பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் எடையைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

குளுட்டமின்தான் எரிபொருள் என்றால் அதையே பவுடராகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித் தோன்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உறுப்புகள் செயலிழந்த 1,223 பேரிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. அதிக அளவு குளுட்டமின் கொடுக்கப்பட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் கொடுக்கப்படாதவர்களைவிட அதிகம். புற்றுநோயில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல கட்டிகளுக்கும் குளுட்டமின்தான் தீனி. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் இதைப் புற்றுநோய் நோயாளிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

ஆன்டி-ஆக்சிடென்ட் மாத்திரைகளின் கதையும் இப்படித்தான். புகைபிடிக்கும் 29,133 ஃபின்லாந்து ஆண்களை வைத்து நடந்த சோதனையில், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. 1994இல் வெளியான இந்த முடிவு பலருக்கு அதிர்ச்சி. கேரட் சாப்பிடக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. உணவில் இருப்பதை மாத்திரையாகத் திரட்டி விழுங்கும்போது விளைவு வேறாகலாம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, பி12, இரும்பு, துத்தநாகம் குறைவு என்று தெரிந்தால் அதை ஈடுகட்டத்தான் வேண்டும். இரைப்பையை முழுதும் எடுத்தவர்களுக்குப் பி12ஐ உணவிலிருந்து உறிஞ்ச வழி போய்விடுவதால், பெரும்பாலும் ஊசியாகவே போட வேண்டியிருக்கும். குறைவே இல்லாதபோது "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று அள்ளிக் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் பாலும் வாங்கலாம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சத்துப் பொருளைத் தனியாகக் கொடுத்து உண்மையில் பலன் கிடைத்த இடமும் ஒன்று இருக்கிறது: வயிற்றுப் பகுதிப் புற்றுநோய்க்கான பெரிய அறுவைச் சிகிச்சை. மிலன் நகரில் லூக்கா ஜியானோட்டி, மார்கோ பிராகா குழுவினர் 305 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அர்ஜினின் என்ற அமினோ அமிலமும் ஒமேகா-3 கொழுப்பும் சேர்த்த பானத்தை அறுவைக்கு முந்தைய 5 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான முடிவில், வழக்கமான முறையில் 30.4 சதவீதமாக இருந்த அறுவைக்குப் பிந்தைய தொற்று, பானம் குடித்தவர்களிடம் 13.7 சதவீதம்தான். இரைப்பை, உணவுக்குழாய் போன்ற அறுவைகளுக்கு இப்போதும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அந்த 305 பேரும் எடையில் 10 சதவீதத்துக்குள் இழந்தவர்கள். குறிப்பிட்ட சில நாட்களுக்கு, குறிப்பிட்ட ஓர் அறுவைக்காகக் கொடுத்தது. இதை வைத்து மருந்துக்கடை பவுடர் எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. மீன் எண்ணெயை மட்டும் நம்பிக் கணையப் புற்றுநோய் நோயாளிகள் 200 பேரிடம் நடந்த 2003ஆம் ஆண்டுச் சோதனையில், சாதாரணப் புரத பானத்தைவிட மீன் எண்ணெய் கலந்த பானம் மேலானது என்று நிரூபணமாகவில்லை. தினம் இரண்டு டின் குடிக்கச் சொன்னதில், சராசரியாக ஒன்றரை டின்கூட நோயாளிகளால் குடிக்க முடியவில்லை. வீட்டில் டம்ளரோடு பின்னாலேயே அலைபவர்களுக்கு அதன் காரணம் தெரியும்.

ஆக, அடிப்படைக்கே வர வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி புற்றுநோய் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 50 கிலோ இருப்பவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். நம் வீடுகளில் உடம்பு முடியாதவருக்கு முதலில் கைகொடுப்பது கஞ்சி. 25 கிராம் அரிசி போட்ட ஒரு டம்ளர் கஞ்சியில் இருப்பது சுமார் 90 கலோரி, 2 கிராம் புரதம். இளநீரில் புரதம் அனேகமாக இல்லவே இல்லை. நாள் முழுக்கக் கஞ்சி, இளநீர், பழச்சாறு, ரசம் சாதம் என்று போனால் வயிறு நிறையும், தசை கரையும். எளிதில் செரிக்கும் என்று அன்போடு கொடுப்பதுதான். ஆனால் அந்த வழக்கம் இந்த நோய்க்குப் பொருந்தாது.

விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லாமலே கணக்கு நேராகும். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். பாலும் தயிருமாக 400 மில்லியில் 13. துவரம்பருப்போ பாசிப்பருப்போ 50 கிராமில் 11. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. சோறு, இட்லி, தோசையாகப் போகும் 200 கிராம் அரிசியில் 14 கிராம் அளவுக்கு. மொத்தம் 57 கிராம் வந்துவிட்டது. மூன்று ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்ந்தால் 1,500 கலோரியும் வந்துவிடும். மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஒரு வேளைக்கு முழுத் தட்டு என்று வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கிண்ணத்தில் கொடுத்தால் உள்ளே போகும். கஞ்சியே வேண்டும் என்றால், பாசிப்பருப்பு சேர்த்து வேகவைத்து, பாலும் இரண்டு ஸ்பூன் பால் பவுடரும் கலந்து, மேலே நெய் விடலாம். அதே டம்ளர்தான், சத்து பல மடங்கு. சமைக்கும் வாசனையே குமட்டுகிறது என்பவர்களுக்கு ஆறிய தயிர்சாதம், மோர், குளிர்ந்த பாயசம் ஒத்துப்போகலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

சர்க்கரையையும் சோற்றையும் நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. புற்றுநோய் அணுக்கள் குளுக்கோஸை அதிகம் எடுக்கின்றன என்பதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். அது உண்மை. ஆனால் தட்டில் இருந்து நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் தீராது. கல்லீரல் தசையை உடைத்து அதைத் தயாரித்துவிடும். கட்டிக்குத் தீனி குறையாது, ஆள்தான் மெலிவார். நீரிழிவு இருப்பவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டியது தனி விஷயம்.

சாப்பிட்டும் மெலிகிறார் என்றால் வேறு காரணமும் இருக்கலாம். கணையப் புற்றுநோயில் செரிமான நொதி சுரப்பது குறைந்துபோகும். மலம் வெளிறி, எண்ணெய்ப்பசையோடு மிதக்கும். அப்போது எவ்வளவு கொடுத்தாலும் கொழுப்பு வெளியேதான் போகும். சாப்பாட்டோடு எடுக்கும் நொதி மாத்திரை இதைப் பெருமளவு சரிசெய்துவிடும். சொல்லக் கூச்சப்பட்டே பலர் இந்த அறிகுறியை மருத்துவரிடம் சொல்வதில்லை. வாய்ப்புண், மலச்சிக்கல், வலி, மனச்சோர்வு எல்லாமே பசியை அடக்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் பசியே எடுக்கவில்லை என்றால்? இங்கேதான் நம் பக்கத்து ஊரிலிருந்து நல்ல செய்தி வந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தப்பாதை, நுரையீரல் ஆகிய இடங்களில் முற்றிய புற்றுநோய் உள்ள 124 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கீமோவோடு சேர்த்துப் பாதிப் பேருக்கு ஓலான்சபின் 2.5 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, மீதிப் பேருக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை, 12 வாரத்துக்கு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2023இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். கீமோவின் கடுமையான பக்கவிளைவுகளும் மருந்து எடுத்தவர்களிடம் குறைவு. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி இந்த மருந்தைச் சேர்த்துக்கொண்டது. ஓலான்சபின் பழைய, மலிவான மனநல மருந்து. தூக்கம் வரும், சிலருக்குச் சர்க்கரை ஏறும். அதனால் மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டுதலில் வந்த ஒரு மாற்றம் புதுச்சேரியில் நடந்த ஆய்விலிருந்து வந்தது என்பது நம் மருத்துவமனைகளிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பசிக்காகச் சிலர் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கேட்பதுண்டு. சில வாரம் பசி எடுக்கும், ஆனால் நாளானால் தசையையும் எதிர்ப்பையும் அதுவே குறைக்கும்.

சாப்பிட்ட புரதம் தசையாக மாற உடம்பு அசைய வேண்டும். முடிகிறவர்கள் தினமும் நடப்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது இவை போதும். "படுத்தே இருங்கள், ஒன்றும் செய்யாதீர்கள்" என்று அக்கறையில் சொல்வது தசை இழப்பைக் கூட்டுகிறது.

வெள்ளையணு குறைந்த நேரத்தில் பழம், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால் தொற்று குறைகிறது என்று பெரும்பாலான சோதனைகள் காட்டவில்லை, சாப்பாடுதான் குறைகிறது. நன்றாகக் கழுவி வீட்டில் தோலுரித்த பழம், காய்ச்சிய பாலில் அன்று உறைந்த தயிர், முழுதாக வெந்த முட்டை ஆகியவற்றை மருத்துவர் தனியாகத் தடுக்காதவரை கொடுக்கலாம். கடைச் சட்னி, தள்ளுவண்டி ஜூஸ், பச்சை முட்டை மட்டும் வேண்டாம். அப்புறம், வெள்ளையணு எண்ணிக்கையை உடனே ஏற்றும் சாப்பாடு என்று எதுவும் கிடையாது. தேவைப்பட்டால் அதற்கு ஊசி இருக்கிறது. கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் கஷாயம் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வாய், தொண்டைப் புற்றுநோயில் விழுங்கவே முடியாதபோது மூக்கு வழியாகவோ வயிற்று வழியாகவோ டியூப் வைக்கச் சொல்வார்கள். கடைசிக் கட்டம் என்று பயந்து மறுக்கிறவர்கள் நிறைய. குடல் வேலை செய்கிறவரை அதன் வழியாக உணவு போவது குடல்சுவரையும் காக்கிறது. ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பதில் தொற்று அபாயம் கூடுதல். டியூபைக் கொஞ்ச நாள் வைத்திருந்து கதிர்வீச்சு முடிந்தபின் எடுத்துவிட்டவர்கள் ஏராளம். ஒரு எச்சரிக்கை: வாரக்கணக்கில் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் முழு உணவைக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும். மருத்துவமனையில் வைட்டமின் பி1 கொடுத்து, ரத்த அளவுகளைப் பார்த்து, மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள்.

ஆராய்ச்சி இப்போது மூளைப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் மூளைத்தண்டில் ஓர் ஏற்பியைத் தூண்டிப் பசியை அணைத்துக் குமட்டலை உண்டாக்குகிறது என்று 2017இல் தெரிந்தது. அதைத் தடுக்கும் பொன்செக்ரொமாப் என்ற ஊசியை 187 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2024இல் வந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்கள் 12 வாரத்தில், வெற்று ஊசி பெற்றவர்களைவிட 2.81 கிலோ கூடுதலாக எடை பெற்றிருந்தார்கள். இன்னும் பெரிய சோதனைகள் நடந்தாக வேண்டும்.

நோய் முற்றி, சிகிச்சை எதற்கும் பணியாமல், உடம்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும் என்ற நிலை வரும்போது இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அப்போது வற்புறுத்தி ஊட்டினாலும் தசை ஏறாது, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் கூடலாம். சாப்பிடாததால் சாகவில்லை, நோய் அந்தக் கட்டத்துக்கு வந்ததால் பசி நின்றிருக்கிறது என்பதை மருத்துவர் குடும்பத்துக்கு உட்கார்ந்து விளக்க வேண்டும். அவர் கேட்டது ஒரு வாய் காபி என்றால் அதைக் கொடுக்கலாம். அந்தக் கட்டம் வருவதற்கு வெகு முன்னால், நோய் கண்டுபிடித்த வாரத்திலேயே எடையைக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை பார்த்து, இரண்டு கிலோ குறைந்தாலே அடுத்த ஓ.பி.யில் "டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும், பசிக்கு மருந்து தர முடியுமா?" என்று குடும்பத்தார் கேட்கலாம். கேட்காவிட்டால் அவசரத்தில் ஓடும் ஓ.பி.யில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.